வீட்டுச் சுவரில் ஒரு நீல வட்டம்!

லண்டன் மாநகரத் தெருக்களில் நடந்து போகிறவர்கள், சில வீடுகளின் முன்னால் திடீரென்று நின்று விடுவார்கள். தலையை உயர்த்தி மாடிச் சுவரைப் பார்ப்பார்கள். உதடுகள் அசையும். எதையோ படிக்கிறார்கள். பிறகு அந்த வீட்டை மேலும் கீழுமாக ஒரு முறை பார்த்து விட்டு, நடையைக் கட்டுவார்கள்.

அப்படி என்ன இருக்கிறது அந்தச் சுவரில்?

ஒரு வட்டப் பலகை. பீங்கானால் ஆனது. நல்ல நீல நிறம். அதில் வெள்ளை எழுத்துகள். ஒருவருடைய பெயர், அவர் பிறந்த வருஷம், இறந்த வருஷம், அவர் என்ன செய்தார் என்பது, கடைசியில் "இங்கே வாழ்ந்தார்" என்று இரண்டு சொற்கள். அவ்வளவுதான்!

இப்படிப்பட்ட பலகைகள் லண்டனில் ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன. கவிஞர் வாழ்ந்த வீடு, விஞ்ஞானி வாழ்ந்த வீடு, நாட்டை விட்டு ஓடி வந்த புரட்சிக்காரர் ஒளிந்திருந்த வீடு என்று எல்லாம் உண்டு. நம் நாட்டுத் தலைவர்கள் வாழ்ந்த வீடுகளும் உண்டு. மகாத்மா காந்தி வயிற்றுப் பசியோடு படித்துக் கொண்டிருந்த வீட்டில் கூட ஒரு பலகை இருக்கிறது.

யார் செய்த ஏற்பாடு இது?

மாட்டுத் திருடனுக்காகப் பேசியவர்

1863-ம் ஆண்டு. பிரிட்டிஷ் பார்லிமெண்டில் வில்லியம் எவார்ட் என்ற அங்கத்தினர் எழுந்தார். "பெரியவர்கள் வாழ்ந்த வீடுகளில் அவர்கள் பெயரை எழுதி வைக்க வேண்டும்" என்று யோசனை சொன்னார்.

எவார்ட் சாதாரண ஆள் அல்ல. அந்தக் காலத்து இங்கிலாந்தில் மாடு திருடினால் கூடத் தூக்குத் தண்டனை உண்டு. அந்தக் கொடுமையை ஒழிக்கப் பாடுபட்டவர் அவர். ஏழைகளும் புத்தகம் படிக்க வேண்டும், அதற்கு ஊருக்கு ஊர் நூல்நிலையம் வேண்டும் என்று வாதாடி, 1850-ம் ஆண்டில் சட்டம் வரச் செய்தவரும் அவரே. இன்று உலகம் முழுவதும் காசு கொடுக்காமல் புத்தகம் படிக்கிறார்களே, அந்தப் பழக்கத்துக்கு வழி போட்டவர்களில் அவர் ஒருவர்.

ஆனால் பலகை யோசனையைச் சர்க்கார் கையில் எடுக்கவில்லை. கலைச் சங்கம் என்ற பழைய சங்கம் ஒன்று எடுத்துக் கொண்டது. 1867-ல் முதல் பலகை சுவரில் ஏறியது. ஹோல்ஸ் தெருவில், பிரபல கவிஞர் பைரன் பிறந்த வீட்டில் அதைப் பதித்தார்கள்.

அந்தப் பலகையை இப்போது போய்ப் பார்க்க முடியுமா? முடியாது! 1889-ல் வீட்டையே இடித்து விட்டார்கள். வீட்டோடு பலகையும் போயிற்று.

இதில் ஒரு சங்கதியைக் கவனிக்க வேண்டும். பலகை வைத்து விட்டால் வீட்டுக்கு ஆபத்து இல்லை என்று பலரும் நினைக்கிறார்கள். அது தவறு. பலகை வெறும் அறிவிப்புதான். அது வீட்டுக்குச் சட்டப்படி எந்தப் பாதுகாப்பும் தருவதில்லை. கலைச் சங்கம் 35 பலகைகள் வைத்தது. அவற்றில் பாதி கூட இன்று மிஞ்சவில்லை.

மிஞ்சியிருப்பவற்றில் மிகப் பழையது, பிரான்சு நாட்டுச் சக்கரவர்த்தி மூன்றாம் நெப்போலியன் பெயரில் இருக்கிறது. அவர் பட்டத்துக்கு வருவதற்கு முன்பு, நாடு கடத்தப்பட்டவராக லண்டனில் குடியிருந்த வீடு அது. அவர் சக்கரவர்த்தியாக இருந்தபோதே, 1867-ல், பலகை வைத்தார்கள். அதில் கழுகுச் சின்னம் கூட உண்டு. மூன்றே வருஷத்தில், 1870-ல், போரில் தோற்று முடியை இழந்தார் நெப்போலியன். மறுபடியும் இங்கிலாந்துக்கே அகதியாக வந்து சேர்ந்தார்!

உயிரோடு இருந்தவருக்கு வைத்த பலகை அது ஒன்றுதான். இப்போது விதி கடுமையானது. ஒருவர் இறந்து 20 வருஷம் ஆக வேண்டும். அவர் வாழ்ந்த கட்டடம் நிற்க வேண்டும். வீட்டுக்காரர் சம்மதம் கொடுக்க வேண்டும். ஒரு பெயரை ஒரு முறை நிராகரித்து விட்டால், அதை மறுபடி கொண்டு வர 10 வருஷம் காத்திருக்க வேண்டும்.

ஜிலேபி பிழிவது போல...

1901-ல் இந்த வேலை லண்டன் கவுண்டி கவுன்சில் கைக்கு வந்தது. பிறகு இரண்டு கை மாறி, 1986 முதல் 'இங்கிலீஷ் ஹெரிட்டேஜ்' என்ற அமைப்பு இதை நடத்துகிறது.

எல்லாப் பலகைகளும் நீலம் அல்ல. நீலப் பீங்கான் செய்யச் செலவு அதிகம். ஆகவே பழைய பலகைகளில் பல, சாக்லெட் நிறத்தில் இருக்கின்றன. இப்போது காணப்படும் எளிய நீல வட்டத்தை 1938-ல் கலைப்பள்ளி மாணவர் ஒருவர் வரைந்து கொடுத்தார். அவருக்குக் கிடைத்த சம்பளம் 4 கினி. ஆயிரம் பேருடைய பெயரைத் தாங்கும் இந்தச் சின்னத்தை வரைந்தவரின் பெயர் மட்டும் எங்கும் குறிக்கப்படவில்லை!

பலகையைக் கையால்தான் செய்கிறார்கள். குறுக்களவு 19½ அங்குலம். கனம் 2 அங்குலம். களிமண் தட்டின் மீது, எழுத்துகளின் ஓரத்தை ஜிலேபி பிழிவது போலப் பிழிகிறார்கள். எழுத்துக்குள் வெள்ளைப் பூச்சு, வெளியே நீலப் பூச்சு. பிறகு சூளையில் வைத்துச் சுடுகிறார்கள். பலகையின் நடுப்பகுதி லேசாகப் புடைத்திருக்கும். மழை பெய்தால் தூசி தானாகவே வழிந்து விடும். சுவரைக் குடைந்து உள்ளே பதித்து விட்டால், வெயிலும் பனியும் ஒன்றும் செய்வதில்லை.

கொல்லன் மகன்

பிளாண்ட்போர்டு தெருவில் ஒரு சாக்லெட் நிறப் பலகை இருக்கிறது. 1876-ல் வைத்தது. மைக்கேல் பாரடே பெயர் அதில் இருக்கிறது. ஆனால் "வாழ்ந்தார்" என்று போடவில்லை. "இங்கே தொழில் பழகினார்" என்று போட்டிருக்கிறது.

பாரடே, ஒரு கொல்லனின் மகன். பள்ளிப் படிப்பு கொஞ்சம்தான். 14-வது வயதில் இந்தத் தெருவில் இருந்த புத்தகக் கடையில் பைண்டு செய்யும் வேலை பழகச் சேர்ந்தார். ஏழு வருஷம் அங்கே இருந்தார். மற்றவர்கள் புத்தகத்தைத் தைத்து அட்டை போட்டு அனுப்பி விடுவார்கள். பாரடே அதைப் பிரித்துப் படித்து விட்டுத்தான் தைப்பார்! கலைக்களஞ்சியம் ஒன்று பைண்டுக்கு வந்தது. அதில் மின்சாரத்தைப் பற்றி ஒரு கட்டுரை. அது பையனைப் பிடித்துக் கொண்டது.

கடைக்கு வந்த வாடிக்கைக்காரர் ஒருவர், சர் ஹம்ப்ரி டேவி என்ற பெரிய விஞ்ஞானியின் சொற்பொழிவுக்கு டிக்கெட் கொடுத்தார். அது 1812-ம் ஆண்டு. பாரடே கேட்டதை எல்லாம் எழுதினார். படம் போட்டார். தானே அழகாகப் பைண்டு செய்து டேவிக்கு அனுப்பினார். மறு வருஷம் டேவியின் ஆராய்ச்சிச் சாலையில் வேலை கிடைத்தது.

இன்று மின்சாரம் உற்பத்தியாகும் நிலையங்களில் சுழலும் ஜெனரேட்டர்கள், பாரடே 1831-ல் கண்டுபிடித்த தத்துவப்படிதான் ஓடுகின்றன.

பசித்த வயிறு

மேற்குக் கென்சிங்டன் பகுதியில் பேரன்ஸ் கோர்ட்டு சாலை 20-ம் எண் வீடு. பாரிஸ்டர் பரீட்சைக்குப் படிக்க 1888-ல் லண்டன் வந்த காந்தி, மாணவராக இருந்தபோது குடியிருந்த வீடு. 1986-ல் இங்கே பலகை வைத்தார்கள்.

அப்போது அவருக்கு வயது 19. மாமிசம் தொடுவதில்லை என்று தாயாருக்குச் சத்தியம் செய்து கொடுத்து விட்டுக் கப்பல் ஏறியவர். லண்டனில் விதவை அம்மாள் ஒருவர் வீட்டில் இடம் பிடித்தார். இரண்டு பெண்களுடன் வாழ்ந்து வந்த அந்த அம்மாள் நல்லவர்தான். ஆனால் சைவச் சாப்பாடு எப்படிச் செய்வது என்று அவருக்குத் தெரியாதே! உப்புச் சப்பில்லாத வேக வைத்த கீரையும் ரொட்டியும் வரும். இன்னும் இரண்டு துண்டு ரொட்டி கேட்கக் காந்திக்குக் கூச்சம். தினமும் பத்துப் பன்னிரண்டு மைல் நடப்பார். மலிவான கடையில் நுழைந்து ரொட்டியைத் தின்பார். பசி அடங்காது.

அப்படி நடந்தபோதுதான் ஒரு நாள், பாரிங்டன் தெருவில் ஒரு சைவ ஓட்டல் கண்ணில் பட்டது. தாய் நாட்டை விட்டு வந்த பிறகு அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டார். சாப்பிடுவதற்கு முன்பே அங்கு விற்ற ஒரு புத்தகத்தை ஒரு ஷில்லிங் கொடுத்து வாங்கியும் விட்டார். சைவ உணவைப் பற்றிய புத்தகம்! தாய்க்குக் கொடுத்த வாக்குக்காக அது வரை மாமிசத்தை ஒதுக்கியவர், அதைப் படித்த பிறகு மனம் ஒப்பியே சைவரானார்.

காந்தியின் பெயரில் லண்டனில் இன்னொரு பலகையும் உண்டு. கிழக்கு லண்டனில், ஏழைத் தொழிலாளர்கள் நிறைந்த போ என்ற பகுதியில் கிங்ஸ்லி மண்டபம் இருக்கிறது. 1931-ல் வட்டமேஜை மகாநாட்டுக்கு வந்த காந்தி, பெரிய ஓட்டலில் தங்க மறுத்து விட்டார். இங்கே மொட்டை மாடியில் இருந்த சின்ன அறையில் தங்கினார். அதிகாலையில் அவர் தெருவில் நடந்தால் குழந்தைகள் கூடவே ஓடி வருவார்கள். "காந்தி மாமா" என்றுதான் கூப்பிடுவார்கள். அவருடைய பிறந்த நாளுக்கு அந்த ஏழைக் குழந்தைகள் பொம்மையும் மெழுகுவத்தியும் மிட்டாயும் கொடுத்தார்கள். 1954-ல் இங்கே பலகை ஏறியது.

ரெயிலில் போன கைப்பை

மகாகவி தாகூர் 1912-ம் ஆண்டு கோடைக்காலத்தில் தங்கிய வீடு, ஹாம்ப்ஸ்டெட் பகுதியில் இருக்கிறது. அந்தப் பயணத்தில் அவர் கையோடு கொண்டு வந்தது, 'கீதாஞ்சலி'யின் ஆங்கில மொழிபெயர்ப்பு. கையெழுத்துப் பிரதி. அதை வைத்திருந்த கைப்பையை, அவருடைய மகன் பாதாள ரெயிலில் மறந்து விட்டு இறங்கி விட்டார்! மறுநாள் பை கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. நல்ல வேளை, தொலைந்த பொருள்களைச் சேர்த்து வைக்கும் ரெயில்வே ஆபீசில் அது பத்திரமாக இருந்தது. மறு வருஷம் தாகூருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நேரு, படேல், திலகர், ராஜாராம் மோகன்ராய், விவேகானந்தர், அரவிந்தர் ஆகியோர் பெயரிலும் லண்டனில் பலகைகள் இருக்கின்றன. பாகிஸ்தானின் ஜின்னாவுக்கும் ஒன்று உண்டு.

டாக்டர் அம்பேத்கர் வீட்டுக் கதை கொஞ்சம் வேறு மாதிரி. 1921, 1922-ம் ஆண்டுகளில், கிங் ஹென்றி சாலை 10-ம் எண் வீட்டில் அவர் குடியிருந்தார். காலையில் மியூசியம் நூல்நிலையத்துக்குப் போனால், அது மூடும்போதுதான் எழுந்து வருவார். அப்படிப் படித்த காலம் அது. பலகை இருந்த அந்த வீட்டை, 2015-ல் மராட்டிய மாநில சர்க்கார் 30 கோடி ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கியது. நினைவு இல்லமாகத் திறந்தார்கள். ஜனங்கள் வரத் தொடங்கினார்கள்.

அக்கம் பக்கத்தில் புகார் கிளம்பியது. குடியிருக்கும் வீட்டை மியூசியம் ஆக்க அனுமதி வாங்கவில்லை என்றது உள்ளூர் கவுன்சில். பிறகு கேட்டபோதும் அனுமதி தர மறுத்தது. அப்பீல் போனார்கள். விசாரணை நடந்தது. கடைசியில் 2020 மார்ச் மாதம் பிரிட்டிஷ் மந்திரி அனுமதி கொடுத்தார். வீடு தப்பியது. வாங்கிக் காப்பாற்ற ஒரு மாநில சர்க்காரே வந்தது. எல்லா வீடுகளுக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்க்குமா?

தபால்காரர் கண்டுபிடித்த வீடு

எந்த வீடு என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? பழைய வாக்காளர் பட்டியல், வாடகைக் கணக்கு, கடிதங்களின் மேல் விலாசம் எல்லாவற்றையும் புரட்டுகிறார்கள். தெரு எண்கள் மாறியிருக்கும். தெருவின் பெயரே மாறியிருக்கும். நிபுணர்களுக்கே தலை சுற்றும் வேலை.

ஆனால் ஒரு முறை இந்த வேலையை ஒரு தபால்காரர் செய்து காட்டினார்.

உலகப் பிரசித்தி பெற்ற ஓவியர் வான்கோ, 20 வயதில் லண்டனில் வேலை பார்த்தார். அப்போது ஓவியர் அல்ல. படம் விற்கும் கம்பெனியில் குமாஸ்தா. அவர் எந்த வீட்டில் குடியிருந்தார் என்பது வெகு காலம் நிச்சயமாகத் தெரியவில்லை. 1971-ல் பிரிட்டனில் தபால்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். படம் வரையும் ஆசை உள்ள தபால்காரர் ஒருவர், சும்மா இருந்த அந்த நாட்களில் வான்கோ வீட்டைத் தேடிப் புறப்பட்டார். பழைய பதிவேடுகளைப் பார்த்து, ஹாக்போர்டு சாலை 87-ம் எண் வீடு என்று கண்டுபிடித்தார். வீட்டுக்காரியின் வம்சத்தில் வந்தவர்களிடம் ஒரு பழைய படம் கிடைத்தது. அந்த வீட்டையே வான்கோ வரைந்த படம்!

அந்த வீட்டுக்காரியின் மகள் மீதுதான் வான்கோ காதல் கொண்டார். அவளுக்கோ ஏற்கெனவே வேறு இடத்தில் நிச்சயமாகியிருந்தது. மனம் உடைந்து வீட்டைக் காலி செய்தார் வான்கோ. 1973-ல் பலகை வந்தது.

எல்லாரும் பலகையை விரும்புவார்கள் என்று சொல்ல முடியாது. காரல் மார்க்ஸ் 1851 முதல் 1856 வரை டீன் தெருவில் நெருக்கமான அறைகளில் வறுமையோடு வாழ்ந்தார். அந்த வீட்டில் இருந்தபோது அவருடைய குழந்தைகள் இருவர் இறந்தார்கள். 1967-ல் பலகை வைக்கப் போனால், கீழே பணக்காரர்கள் வந்து சாப்பிடும் ஓட்டல்! பணக்காரர்களை ஒழிக்கச் சொன்னவருடைய பெயர் தன் கடை மேலா என்று முதலாளிக்கு மனத்தாங்கல். ஆனாலும் பலகை ஏறி விட்டது. இதற்கு முன்பு 1935-ல் வேறொரு வீட்டில் மார்க்சுக்கு வைத்த பலகையை, விஷமிகள் திரும்பத் திரும்ப உடைத்தார்கள்.

புரூக் தெருவில் வேறொரு வேடிக்கை. 25-ம் எண் வீட்டில், 18-ம் நூற்றாண்டுச் சங்கீத மேதை ஹாண்டல் பெயர். ஒட்டினாற் போல 23-ம் எண்ணில், 1968-ல் குடிவந்த அமெரிக்கக் கிதார்க்காரர் ஜிமி ஹென்றிக்ஸ் பெயர். பக்கத்து வீட்டுப் பலகையைப் பற்றிக் கேள்விப்பட்ட ஹென்றிக்ஸ், கடைக்குப் போய் ஹாண்டல் இசைத்தட்டுகளை வாங்கி வந்தாராம்.

போலிப் பலகைகளும் உண்டு. "காலத்தில் பயணம் செய்யும் வித்தையைக் கண்டுபிடித்தவர், 2189-ம் ஆண்டில் இங்கே வாழ்ந்தார்" என்று எவனோ குறும்புக்காரன் ஒரு பலகை மாட்டினான்! பேக்கர் தெருவில் துப்பறியும் ஷெர்லாக் ஹோம்சுக்கும் ஒரு பலகை இருக்கிறது. கதையில் வந்தவருக்கு ஏது வீடு என்று யாரும் கேட்பதில்லை.

நூறில் பதினைந்து

ஒரு குறை உண்டு. இந்தப் பலகைகளில் பெண்களுக்கு உரியவை, ஏறத்தாழ நூற்றுக்கு 15 என்ற அளவில்தான் இருக்கின்றன. பெண்கள் ஒன்றும் சாதிக்கவில்லை என்றா அர்த்தம்? சாதித்தவர்களைத் தேடிப் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம். 2016-ல் இங்கிலீஷ் ஹெரிட்டேஜ், "பெண்கள் பெயரைச் சொல்லுங்கள்" என்று பொது மக்களையே கேட்கத் தொடங்கியது.

அப்படி வந்த பலகைகளில் ஒன்று, டாவிட்டன் தெரு 4-ம் எண் வீட்டில் இருக்கிறது. நூர் இனாயத் கான் பெயர் அதில் இருக்கிறது.

மைசூர்ப் புலி திப்பு சுல்தான் வம்சத்தில் வந்தவர் நூர். தகப்பனார் சூபி ஞானி, வீணை வித்வான். நூர் பிறந்தது மாஸ்கோவில், 1914-ல். வளர்ந்தது பாரிஸ் அருகே. குழந்தைகளுக்குக் கதை எழுதுவார். புத்த ஜாதகக் கதைகளைத் திரும்பச் சொல்லி ஒரு புத்தகம் போட்டார். கூச்சம் மிகுந்த சுபாவம். பொய் சொல்ல வராது.

ஹிட்லரின் படை பிரான்சில் புகுந்தபோது, 1940-ல், குடும்பத்தோடு இங்கிலாந்துக்கு வந்தார். விமானப் படையின் பெண்கள் பிரிவில் சேர்ந்து வயர்லெஸ் பழகினார். ரகசிய இலாகா அவரைத் தேர்ந்தெடுத்தது. 1943 ஜூன் மாதம், இரவோடு இரவாக விமானத்தில் பிரான்சில் இறக்கினார்கள். நாஜிகள் பிடித்திருந்த பிரான்சுக்குள் வயர்லெஸ் வேலைக்கு அனுப்பப்பட்ட முதல் பெண் அவர்தான்.

இறங்கிய சில நாட்களிலேயே உடன் இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பிடிபட்டார்கள். "திரும்பி வந்து விடு" என்றது லண்டன். நூர் வர மறுத்தார். தான் போய் விட்டால் பாரிசிலிருந்து செய்தி அனுப்ப ஆள் இல்லை என்பது அவருக்குத் தெரியும். வயர்லெஸ் பெட்டியைத் தூக்கிக் கொண்டு வீடு வீடாக மாறினார். ஒரே இடத்தில் நெடு நேரம் இருந்து செய்தி அனுப்பினால், நாஜிகளின் மோப்ப வண்டி வந்து விடும். மூன்று மாதத்துக்கு மேல் தாக்குப் பிடித்தார். அக்டோபரில் ஒருவர் காட்டிக் கொடுக்க, பிடிபட்டார். ஜெர்மன் சிறையில் மாதக்கணக்கில் கையிலும் காலிலும் விலங்கு. 1944 செப்டம்பரில் டாக்காவ் என்ற கொடுஞ்சிறையில் சுட்டுக் கொன்றார்கள். வயது 30.

பிரிட்டிஷ் சர்க்கார் 1949-ல் அவருக்கு ஜார்ஜ் சிலுவைப் பதக்கம் அளித்தது. பலகை வர மேலும் 71 வருஷம் ஆயிற்று. 2020 ஆகஸ்டு மாதம் அதைப் பதித்தார்கள். இந்திய வம்சத்துப் பெண் ஒருவருக்கு லண்டனில் வைத்த முதல் நீலப் பலகை அது.

பிரான்சுக்குப் புறப்படும் முன்பு நூர் கடைசியாகக் குடியிருந்த இடம் அந்த வீடு. அவர் அங்கு இருந்தது கொஞ்ச காலம்தான். அதனால் பலகையில் "வாழ்ந்தார்" என்ற சொல் இல்லை. பெயர், வருஷம், 'மேடலின்' என்ற அவருடைய ரகசியப் பெயர், அதன் கீழே "இங்கே தங்கினார்" என்று மட்டும் எழுதியிருக்கிறது.